அத்தியாயம் 6: லைன் வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய குழாய் வேலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிலும், கவரைப்பேட்டை, தேர்வாய்கண்டிகை, பொன்னேரி, இந்தப் பக்கம் திருவள்ளூர் வரைக்கும், மனை வைத்திருந்தவர்கள் பலர் கட்டியிருப்பது லைன் வீடு. வரிசையாக ஆறு, எட்டு, பத்து போர்ஷன். ஒரு போர், ஒரு மோட்டார், மாடியில் ஒன்றோ இரண்டோ கருப்பு டேங்க், பின்னால் ஒரு செப்டிக் டேங்க். குடியிருப்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். ஷிப்ட் முடிந்து வந்தால் குளிக்கத் தண்ணீர் வேண்டும். வராவிட்டால் போன் உங்களுக்குத்தான் வரும்.

எல்லா வேலையையும் நீங்களே செய்ய வேண்டும் என்று இந்த அத்தியாயம் சொல்லவில்லை. எதை நீங்களே செய்யலாம், எதற்கு ஆள் கூப்பிட வேண்டும், எதை யாருமே செய்யக் கூடாது என்ற மூன்றையும் பிரித்துக் காட்டுவதுதான் நோக்கம்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள், பைப்பை அப்புறம் பார்க்கலாம்

பூண்டி ஏரி (1944), சோழவரம், 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் எல்லாம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. நமக்கு போர் தண்ணீர், குடிக்க கேன் தண்ணீர். ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் வட்டாரங்களில் பல பத்தாண்டுகளாக நகரத்துக்காக நிலத்தடி நீரை இறைத்ததில், மீஞ்சூர் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. கிழக்கே போகப் போக போர் தண்ணீர் உப்பாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் வீட்டுக் குழாய் ஏன் ஆறு மாதத்தில் கெட்டது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தண்ணீரில்தான் பதில் இருக்கிறது. மூன்று சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம்.

1. ஒரு டி.டி.எஸ். மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி, வாங்குங்கள். பேனா அளவில் இருக்கும், சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. உங்கள் போர் 2000-ஐத் தாண்டினால் பித்தளை, இரும்பு பாகங்களுக்கு ஆயுள் குறைவு என்று முடிவு கட்டிக்கொள்ளுங்கள்.
2. பாதி பாட்டில் தண்ணீரில் கொஞ்சம் குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் பால் திரிந்த மாதிரி மிதந்தால் கடின நீர். ஷவர் ஓட்டையும் குழாய் முனை வலையும் வெள்ளையாக அடைப்பது இதனால்.
3. ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்து வைத்துவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள். வரும்போது தெளிவாக இருந்து பிறகு மஞ்சளித்தால் இரும்புச் சத்து.

எச்சரிக்கை: தொழிற்பேட்டையை ஒட்டிய மனையில் தண்ணீருக்குத் திடீரென்று நிறமோ, ரசாயன வாடையோ, எண்ணெய்ப் படலமோ வந்தால் ஃபில்டர் கடைக்குப் போகாதீர்கள். டி.டி.எஸ். மீட்டர் உப்பைத்தான் காட்டும், விஷத்தைக் காட்டாது. அந்த போரை நிறுத்திவிட்டு, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுங்கள். அதுவரை லாரித் தண்ணீர்தான்.

தண்ணீர் தெரிந்தால் பொருள் வாங்குவது சுலபம். உப்புத் தண்ணீரில் பளபளக்கும் குரோம் குழாய் வாங்குவது காசைக் கரியாக்குவது. வெளிக்குழாய், பாத்ரூம், துணி துவைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் பி.டி.எம்.டி. என்று கடையில் கேட்டால் கிடைக்கும் கெட்டி பிளாஸ்டிக் குழாயே போதும். பழைய ஜி.ஐ. பைப் இன்னும் இருந்தால் ஓட்டை விழ விழ ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு இடத்தில் துரு தின்றிருந்தால் மற்ற இடமும் அதே வயதுதான். லைனையே யுபிவிசிக்கு மாற்றுவது மலிவு.

ஒரு போர்ஷனுக்கு ஒரு வால்வு

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பல லைன் வீடுகளில் டேங்கிலிருந்து ஒரே பைப் இறங்கி எல்லாப் போர்ஷனுக்கும் ஓடுகிறது, நடுவில் ஒரு வால்வுகூட இல்லை. மூன்றாம் நம்பர் வீட்டில் வாஷர் மாற்ற பத்து வீட்டுத் தண்ணீரையும் நிறுத்த வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் சண்டை. அதனால் தண்ணீர் ஓடும்போதே வேலை பார்க்கிறார்கள், ஈரத்தில் ஒட்டிய ஜாயின்ட் மறுபடி கழல்கிறது.

1. மாடிக்குப் போய் டேங்க் அவுட்லெட்டிலிருந்து ஒவ்வொரு பைப்பாகக் கையால் தொடர்ந்து வாருங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு வரையுங்கள். எங்கே சுவருக்குள் போகிறது, எங்கே வெளியே வருகிறது என்று குறியுங்கள்.
2. டேங்க் அடியில் ஒரு மெயின் வால்வு, ஒவ்வொரு போர்ஷனுக்குள் நுழையும் முன் ஒரு பால் வால்வு. இல்லாத இடங்களில் பிளம்பரை வைத்து ஒரே நாளில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு வால்வை ஒட்டியும் ஒரு யூனியன் இருக்கட்டும். நாளைக்கு வால்வு கெட்டால் பைப்பை அறுக்காமல் கழற்றலாம்.
3. வால்வுப் பக்கத்தில் போர்ஷன் நம்பரைப் பெயின்டில் எழுதுங்கள். கம்பியில் அட்டை கட்டித் தொங்கவிட்டால் ஒரு மழைக்குத் தாங்காது.
4. ஒவ்வொரு போர்ஷனிலும் ஒருவருக்காவது வால்வைக் காட்டி, மூடித் திறக்கச் செய்து பாருங்கள். தமிழில் மட்டும் எழுதி ஒட்டிய நோட்டீஸ் சுவருக்குத்தான் பயன்படும். சிவப்பு பெயின்ட் அடித்த கைப்பிடியும் ‘பானி பந்த்’ என்ற இரண்டு சொல்லும் நடு இரவில் பைப் உடையும்போது வேலை செய்யும்.

குறிப்பு: உப்புத் தண்ணீரில் தொடாத வால்வு இறுகிவிடும். மாதம் ஒரு தடவை ஒவ்வொன்றையும் முழுக்க மூடித் திறந்துவிடுங்கள். இறுகிவிட்ட பிளாஸ்டிக் கைப்பிடியில் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

வேலைக்கு நேரமும் முக்கியம். பெரும்பாலான கம்பெனிகளில் ஷிப்ட் காலை 6, மதியம் 2, இரவு 10. இந்த மூன்றுக்கும் ஒரு மணி முன்னும் பின்னும் தண்ணீரை நிறுத்தாதீர்கள். காலை 9-லிருந்து 12-க்குள் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கடையும் திறந்திருக்கும்.

மறைந்த கசிவைக் கண்டுபிடித்தல்

மோட்டார் முன்பைவிட அடிக்கடி ஓடுகிறது, ஆனால் எங்கும் ஈரம் தெரியவில்லை என்றால்:

1. ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் டேங்கை நிரப்பி மோட்டாரை அணையுங்கள். எல்லாப் போர்ஷன் வால்வையும் மூடுங்கள்.
2. டேங்க் உள்ளே தண்ணீர் மட்டத்தைக் குச்சியில் குறித்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் கசிவு மெயின் லைனில். மோட்டார் பைப்பில் உள்ள நான்-ரிட்டர்ன் வால்வும் சந்தேகத்துக்கு உரியதே. டேங்குக்கு ஏற்றும் பைப் அடிப்பக்கமாக இணைந்திருந்தால் தண்ணீர் அதன் வழியாகத் திரும்ப இறங்கும்.
3. இறங்காவிட்டால் ஒன்றாம் நம்பர் வால்வை மட்டும் திறந்து, அந்தப் போர்ஷனில் எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி, மறுபடி பாருங்கள். இப்படி ஒவ்வொன்றாக.

சாதாரண 1000 லிட்டர் வட்ட டேங்கில் ஒரு அங்குலம் இறங்கினால் ஏறக்குறைய 20 முதல் 25 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

குற்றவாளி பெரும்பாலும் பிளஷ் டேங்காகத்தான் இருக்கும். அதைப் பிடிக்கத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதும். பிளஷ் டேங்கைத் திறந்து சில சொட்டு விடுங்கள். கால் மணி நேரம் யாரும் தொட வேண்டாம். கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தால் அடி வாஷர் போய்விட்டது, அல்லது அதன்மேல் உப்புப் படிந்திருக்கிறது. முதலில் வாஷரைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பாருங்கள், அதற்கும் நிற்காவிட்டால் மாற்றுங்கள். நீலம் இறங்காமல் ஓவர்ஃப்ளோ வழியாகத் தண்ணீர் ஓடினால் மிதவையைச் சற்றுக் கீழே இறக்கி வையுங்கள்.

சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுதல்

தேவை: ஸ்க்ரூ டிரைவர், ஸ்க்ரூ ஸ்பேனர், பழைய துணி, ஒன்றிரண்டு அளவில் வாஷர், டெஃப்லான் டேப்.

1. போர்ஷன் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து பைப்பில் நிற்கும் தண்ணீரை வடிய விடுங்கள்.
2. கீழே தரைத் துவாரத்தைத் துணியால் அடையுங்கள். கைப்பிடி ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் அரை மணி வேலை அரை நாளாகும்.
3. கைப்பிடியைக் கழற்றுங்கள். அடுத்துள்ள நட்டில் ஸ்பேனரைப் போடும்போது, இன்னொரு கையால் குழாய் உடம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.
4. ஸ்பின்டிலை வெளியே எடுங்கள். நுனியில் உள்ள வாஷரைப் பாருங்கள். குழாய்க்குள் விரல்விட்டு வாஷர் உட்காரும் வட்டத்தைத் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் வாஷர் மாற்றிப் பயனில்லை, புதுக் குழாய்தான்.
5. அதே அளவு வாஷர் போட்டு, நட்டைக் கையால் முதலில் திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் கால் சுற்று இறுக்குங்கள்.
6. போர்ஷன் வால்வை மெல்லத் திறங்கள்.

மூன்றாவது படியில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். குழாயைப் பிடிக்காமல் நட்டைத் திருகினால் அந்த முறுக்கு சுவருக்குள் போகிறது. உள்ளே பிளாஸ்டிக் எல்போ விரிசல் விடும். குழாய் சொட்டுவது நின்றிருக்கும், நாலாவது நாள் பக்கத்துப் போர்ஷன் சுவரில் ஈரம் பூக்கும். யாருக்கும் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றாது.

கால் சுற்றில் திறக்கும் புது வகைக் குழாய்களில் வாஷர் கிடையாது, கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். நீளமும் பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

முழுக் குழாயையும் மாற்றும்போது டெஃப்லான் டேப்பை மரை திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். மரை முனை உங்களைப் பார்த்து இருக்க, கடிகாரச் சுற்றில், இழுத்துப் பிடித்து எட்டுப் பத்துச் சுற்று. எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

பைப் உடைந்தால்

உடனடி வேலை வால்வை மூடுவது. பக்கத்தில் கடை இல்லை, ராத்திரி நேரம் என்றால் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, இழுத்து இழுத்து விரிசல்மேல் சுற்றிக் கம்பியால் கட்டுங்கள். காலைவரை தாங்கும். எம்-சீல் காய்ந்த இடத்தில்தான் பிடிக்கும். ஒழுகும் பைப்பில் அப்பினால் கையில்தான் ஒட்டும்.

நிரந்தரமாகச் சரிசெய்ய:

1. உடைந்த இடத்துக்கு இருபுறமும் நல்ல பைப் தெரியும்வரை சுவரைக் கொத்துங்கள். கொத்துவதற்கு முன் அந்தச் சுவரில் கரண்ட் ஒயர் போகிறதா என்று பார்த்து மெயினை அணையுங்கள்.
2. ஹேக்சா பிளேடால் நேராக அறுத்து, கெட்ட துண்டை எடுங்கள். முனையில் உள்ள பிசிறைக் கத்தியால் சீவிவிடுங்கள்.
3. புதுத் துண்டின் ஒரு முனைக்குக் கப்ளிங், மறுமுனைக்கு யூனியன். இரண்டு பக்கமும் கப்ளிங் என்றால் சுவருக்குள் வளையாத பைப்பில் நுழைக்க முடியாது. முதலில் ஒட்டாமல் பொருத்திப் பார்த்து, எதுவரை உள்ளே போகிறது என்று பென்சிலால் குறியுங்கள்.
4. பைப்பையும் கப்ளிங்கின் உட்பக்கத்தையும் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். இரண்டிலும் சால்வென்ட் சிமெண்ட் மெல்லிசாகத் தடவி, கால் சுற்று திருப்பியபடி குறி வரை தள்ளி, அரை நிமிடம் பிடித்திருங்கள்.
5. குறைந்தது இரண்டு மணி நேரம் தண்ணீர் விடாதீர்கள். இரவு முழுக்கக் காயவிட்டால் நல்லது. தண்ணீர் விட்டு ஒரு நாள் பார்த்த பிறகே சுவரைப் பூசுங்கள்.

யுபிவிசிக்கு ஒரு சிமெண்ட், வெந்நீர் போகும் சிபிவிசிக்கு வேறு சிமெண்ட். கடைக்காரர் ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்பார். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

தண்ணீர் மெதுவாக வந்தால்

ஒரே குழாயில் மட்டும் என்றால் முனை வலையைக் கழற்றி இரவு முழுக்க வினிகரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்து மாட்டுங்கள். ஷவருக்கும் இதே வைத்தியம். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், அது உப்போடு குழாயையும் சேர்த்துத் தின்னும்.

மேல் மாடியில் மட்டும் மெதுவாக வந்தால் அது பழுது அல்ல, உயரக் கணக்கு. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம். மொட்டை மாடித் தரையிலேயே டேங்க் இருந்தால் அதற்கு நேர் கீழே உள்ள ஷவருக்கு ஒரு மீட்டர் உயரம்கூடத் தேறாது. டேங்க் மேடையை உயர்த்த வேண்டும்.

டேங்க் ஒருமுறை காலியாகி நிரம்பிய பிறகு வரவில்லை என்றால் பைப்பில் காற்று அடைத்திருக்கிறது. கீழ்த்தளக் குழாயிலிருந்து மேலே ஒவ்வொன்றாகத் திறந்து, தும்மித் தும்மி வந்து சீராகும்வரை விடுங்கள். இது அடிக்கடி நடந்தால் டேங்க் அவுட்லெட்டை ஒட்டி மேலே நிற்க வேண்டிய காற்றுக் குழாய் இருக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் அதன் வாயில் குளவி கூடு கட்டியிருக்கும்.

எல்லோருக்கும் வரவில்லை என்றால் மோட்டார். பேனலில் ஆம்பியர் முள்ளைப் பாருங்கள். வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டினால் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது, உடனே அணையுங்கள். அதிகமாகக் காட்டினால் உள்ளே எதுவோ பிடிக்கிறது. அதற்கு மேல் உங்கள் வேலை அல்ல. வழக்கமான ஆம்பியர் எவ்வளவு என்று நல்ல நாளிலேயே பேனல் கதவின் உட்பக்கம் எழுதி வைக்காதவருக்கு இந்த முள்ளால் பயன் கிடையாது. வோல்டேஜ் 180-க்குக் கீழே இருக்கும்போது ஓட்டிக் காயிலைக் கருக்காதீர்கள்.

எச்சரிக்கை: ஈரக் கையோடு பேனலைத் தொடாதீர்கள். மோட்டார் லைனில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாவிட்டால் முதலில் அதைப் போடச் சொல்லுங்கள், இந்த மாதச் செலவில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் சரி.

அடைப்பு

லைன் வீட்டில் அடைப்புக்குக் காரணங்கள் தெரிந்தவைதான். சமையல் பக்கத்தில் சோறும் எண்ணெயும், குளியலறையில் முடியும் ஷாம்பு பாக்கெட்டும், கக்கூஸில் பான் மசாலா பாக்கெட்டும் நாப்கினும். கக்கூஸ் கதவுக்குப் பின்னால் மூடி போட்ட ஒரு வாளி வைத்து, அதைத் தினம் எடுக்க ஆளும் வைத்தால் பாதி அடைப்பு வராது. பிளம்பர் ஒரு தடவை வரும் செலவில் பத்துப் போர்ஷனுக்கும் வாளி வாங்கலாம்.

எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க:

1. ஒரு வீட்டில் மட்டும் நிற்கிறதா, வரிசையாக நிற்கிறதா என்று கேளுங்கள். ஒரு வீடு என்றால் அந்த வீட்டின் ட்ராப். தரை ட்ராப்பின் சல்லடையைத் தூக்கி, உள்ளே உள்ள கோப்பையை வெளியே எடுத்துக் கழுவி வையுங்கள். கழுவிய பிறகு கோப்பையை மறுபடி போட மறந்தால் அன்று ராத்திரியே கரப்பானும் நாற்றமும் வரும்.
2. வரிசையாக என்றால் வெளியே உள்ள சேம்பர் மூடிகளை வீட்டுப் பக்கத்திலிருந்து செப்டிக் டேங்க் பக்கமாக ஒவ்வொன்றாகத் திறங்கள். திறந்ததும் எட்டிப் பார்க்காதீர்கள். விலகி நின்று காற்றாட விடுங்கள், பீடி சிகரெட் கூடாது.
3. ஒரு சேம்பர் நிரம்பியும் அடுத்தது காய்ந்தும் இருந்தால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். நிரம்பிய சேம்பரிலிருந்து மூங்கில் பிளாச்சையோ ஸ்பிரிங் கம்பியையோ விட்டுத் தள்ளுங்கள். ரப்பர் கையுறை, பூட்ஸ் கட்டாயம்.
4. அடைப்பு விட்டதும் எல்லாப் போர்ஷனிலும் ஒரே நேரத்தில் இரண்டு வாளி ஊற்றச் சொல்லுங்கள். கசடு கழுவிக்கொண்டு போகும்.

எல்லா சேம்பரும் நிரம்பியிருந்தால் குச்சியை வைத்துவிடுங்கள். செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது.

செப்டிக் டேங்க்: யாரும் இறங்கக் கூடாது

நீங்களும் இறங்கக் கூடாது, கூலிக்கு ஆளையும் இறக்கக் கூடாது, ஐந்து நிமிடம்தானே என்றும் இறங்கக் கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் நிற்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. அதனால் நாற்றம் இல்லை என்பது பாதுகாப்பு அல்ல. விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாவதுதான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. யாராவது விழுந்துவிட்டால் பின்னால் யாரையும் இறங்க விடாமல் தடுத்து, 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. கையால் கழிவு அகற்றும் வேலைக்கு ஆள் அமர்த்துவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைத்தால் முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. தனியார் வீடு என்பதால் விலக்கு கிடையாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, ஆள் அதிகம் உள்ள லைன் வீட்டில் அதற்கும் முன்பே, உரிமம் உள்ள கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சச் சொல்லுங்கள். 14420 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம்.
2. லாரி வரும் வழியையும் டேங்க் மூடியையும் திறக்கும்படி வைத்திருங்கள். மூடிமேல் டைல்ஸ் ஒட்டியவர்கள் பிறகு உடைக்கிறார்கள்.
3. உறிஞ்சியதும் டேங்கில் தண்ணீர் விட்டு நிரப்புங்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும் மழைக்காலத்தில் காலியான ஃபைபர் டேங்க் மிதந்து எழுந்துவிடும்.
4. காற்றுக் குழாயின் வாயில் கொசு வலை கட்டுங்கள்.
5. புதிதாக போர் போடுகிறவர்கள் செப்டிக் டேங்கிலிருந்து 50 அடியாவது தள்ளிப் போடுங்கள். இடம் சின்னது என்றால் பக்கத்து மனைக்காரரின் டேங்க் எங்கே என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவள்ளூர் நகரில் பாதாளச் சாக்கடை வந்துவிட்ட தெருக்களில் உள்ளவர்கள் இணைப்பு வாங்கிவிட்டு, பழைய செப்டிக் டேங்கை உறிஞ்சி மணல் கொட்டி மூடிவிடுவது நல்லது. காலியாகக் கிடக்கும் குழி யாருக்காவது ஆபத்து.

டேங்க் கழுவுதல்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கழுவும் நாளை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லுங்கள்.

1. தண்ணீரை அரை அடி மிஞ்சும்வரை பயன்படுத்தித் தீர்க்க விடுங்கள். மெயின் வால்வை மூடி, மோட்டார் சுவிட்சை அணைத்து ஃபியூஸையும் பிடுங்கி வையுங்கள். உள்ளே ஆள் இருக்கும்போது கீழிருந்து யாராவது மோட்டார் போடக் கூடாது.
2. நீண்ட பிரஷால் சுவரைத் தேய்த்து, சேற்றை டேங்கின் அடி வடிகால் வழியாக வெளியேற்றுங்கள். சேறு வீட்டு லைனுக்குள் போனால் எல்லாக் குழாய் வலையும் அடைக்கும்.
3. கடைசியாக 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி நிரப்புங்கள். அரை மணி கழித்துத் திறக்கலாம்.

கறை போகவில்லை என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், டேங்க் மாதிரி அடைந்த இடத்தில் அது உயிரை எடுக்கும். தரைக்கடி சம்ப்பும் அடைந்த இடம்தான். பல நாள் மூடிக் கிடந்த சம்ப்பில் தனியாக இறங்காதீர்கள். ஆள் ஏறி இறங்கும் வேலையை வெளியே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னும், புயலுக்குப் பின்னும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் தண்ணீர் வடியப் பல நாள் ஆனது. அப்படி ஒரு மழைக்கு முன் செய்ய வேண்டியவை: சம்ப் மூடி தரையைவிட ஒரு அடியாவது உயரமாக இருக்கட்டும். மோட்டார் பேனல் இடுப்பு உயரத்துக்கு மேலே போகட்டும். மொட்டை மாடி வடிகாலில் இலை, கவர் எடுத்துவிடுங்கள். 2003-இலிருந்து கட்டாயமான மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் கூழாங்கல்லைக் கழுவிப் போடுங்கள். உப்பேறிய போருக்கு மழைநீரைவிட நல்ல மருந்து இல்லை. டேங்க் மூடியைக் கம்பியால் கட்டுங்கள். மூடி பறந்த டேங்கில் டெங்கு கொசு முட்டையிடும்.

வெள்ளம் வடிந்ததும் முதலில் மோட்டாரைப் போடாதீர்கள். எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு போட்டு, சம்ப்பை முழுக்க இறைத்துக் கழுவி, மேலே சொன்னபடி பிளீச்சிங் செய்யுங்கள். வெள்ளம் ஏறிய போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கும்வரை பாத்திரம் கழுவக்கூடக் காய்ச்சித்தான் பயன்படுத்த வேண்டும்.

பிளம்பரை வைத்து வேலை வாங்கும்போது

பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள், பில்லையும் வைத்திருங்கள். கூலியை முன்பே பேசி, பாதியை வேலை முடிந்து மறுநாள் கொடுப்பதாகச் சொல்லுங்கள். நல்ல பிளம்பர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

புது லைன் போட்டிருந்தால் சுவர் பூசும் முன் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். கைப் பம்பு மாட்டி 5 கிலோ அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். மூன்று மாடி உயர டேங்கே ஒன்றேகால் கிலோ சொச்சம்தான் தரும், அதனால் 5 நின்றால் கவலை இல்லை. பிறகு ஒரு அளவு டேப்பைச் சுவரில் பிடித்தபடி ஒவ்வொரு பைப்பையும் போனில் படம் எடுத்து, போர்ஷன் நம்பர் போட்டுச் சேமியுங்கள். அடுத்த தடவை யாராவது டி.வி. ஸ்டாண்டுக்குச் சுவரில் டிரில் போடக் கேட்டால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.